கையில் ஒரு பாட்டு, எதிரில் ஒரு ஊர்: பழைய நூல்களுக்குள் நுழைய ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு வழி

"வேதம், புராணம், தேவாரம் எல்லாம் படிக்கணும்னு ஆசை. எங்கே தொடங்குறது?" என்று யாராவது கேட்டால், பெரியவர்கள் வேதத்தில் ஆரம்பித்து வரிசையாகப் பட்டியல் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இருபத்தைந்து வயதில், முதல் சம்பளம் வந்த வேகத்தில், வால்மீகி ராமாயணத்தைத் தொகுதி தொகுதியாக வாங்கி அடுக்கினேன். பாலகாண்டம் பாதி தாண்டவில்லை. மிச்சத்தைக் கரையான் படித்து முடித்தது.

தவறு என்னுடையது மட்டுமில்லை, அளவும் அப்படி. ரிக் வேதம் மட்டும் 10 மண்டலம், 1,028 சூக்தம். வால்மீகி ராமாயணம் 24,000 சுலோகம், மகாபாரதம் ஒரு லட்சம் என்பது மரபுக் கணக்கு. புராணங்கள் 18. தமிழுக்கு வந்தால் தேவாரமும் திருவாசகமும் அடங்கிய சைவத் திருமுறை 12, ஆழ்வார்களின் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம், கம்பன் பாடியது பத்தாயிரத்துக்கும் மேல். இதை ஒரு முனையிலிருந்து தின்று முடிக்க ஒரு பிறவி போதாது.

அப்புறம் நான் கண்டுபிடித்த வழி எளிது. நூலை விட்டுவிட்டு ஊரிலிருந்து தொடங்கினேன். ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரையில் ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு பாட்டோ ஒரு கதையோ உண்டு. ஒரு நாள், ஒரு ஊர், ஒரு பாட்டு. அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் பெரிய நூலின் வாசல் வந்துவிடும். வெளியூரிலிருந்து நாலைந்து நாள் வருபவருக்கும் சரி, இங்கேயே வேலை மாற்றலாகி வந்தவருக்கும் சரி, இது ஒத்துவரும்.

கிளம்பும் முன்

நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா, தண்ணீர் பாட்டில், தலைக்கு ஒரு துண்டு. பாட்டுகளுக்குத் தனிப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் திருமுறை, பிரபந்தம், கம்பராமாயணம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் மூலம் உண்டு. போகிற ஊரின் பாட்டை மட்டும் முந்தின நாள் இரவு கையால் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் வைத்துக்கொண்டால் போதாதா என்பீர்கள். எழுதும்போது கண் நிற்கிற சொல்லில்தான் நமக்குப் பொருள் தெரியவில்லை என்பது தெரிகிறது. செல்போனில் விரல் தள்ளிக்கொண்டே போய்விடும். தவிர, பல கோயில்களில் செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

புதியவர் திணறும் முதல் இடம் பதம் பிரிப்பது. பழைய அச்சில் பாட்டைச் சீர் சீராக உடைத்துப் போட்டிருப்பார்கள். ராமேஸ்வரத்தைப் பற்றிய அப்பர் பாட்டு ஒன்றில் "நேசமிக் கன்பி னாலே நினைமினீர் நின்று நாளும்" என்று ஓர் அடி. முதலில் பார்க்கும்போது வேற்று மொழி போலிருக்கும். பிரித்தால் "நேசம் மிக்க அன்பினாலே நினைமின் நீர், நின்று நாளும்". அவ்வளவுதான். நின்று, நாள்தோறும், அன்போடு நினையுங்கள் என்கிறார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் பழைய தமிழ், நேற்றுப் பேசியது போல வந்து நிற்கிறது. ஆகவே பதம் பிரித்த பதிப்பையே எடுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் வாய்விட்டு மூன்று தடவை படியுங்கள், பாதி தானாகப் பிரியும்.

சமஸ்கிருதம் தெரிய வேண்டுமா? தொடங்குவதற்கு வேண்டாம். வால்மீகிக்கு நல்ல தமிழ் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன.

முதல் நாள்: உத்தரகோசமங்கை

ராமநாதபுரம் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். "மண் முந்தியோ, மங்கை முந்தியோ" என்று ஊர்க்காரர்கள் சொல்லும் சொலவடை இந்த ஊரைப் பற்றியதுதான். பூமி முதலில் வந்ததா, இந்த மங்கை முதலில் வந்ததா என்று கேட்கிற அளவுக்குப் பழமையில் அவர்களுக்குப் பெருமை. இங்குள்ள சிவன் கோயிலில் மரகத நடராசரை ஆண்டு முழுக்கச் சந்தனம் மூடியிருக்கும். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் அதைக் களைவார்கள். அன்று கூட்டம் தாங்காது. பாட்டுப் படிக்க வருகிறவர் சாதாரண நாளில் வருவதே நல்லது.

இங்கே தொடங்கச் சொல்வதற்குக் காரணம் மாணிக்கவாசகர். திருவாசகத்தின் திருப்பொன்னூசல் இந்த ஊரை வைத்துப் பாடியது, ஒன்பதே பாட்டு. பெண்கள் ஊஞ்சலாடிக்கொண்டே பாடுகிற மெட்டு.

சீரார் பவளங்கால் முத்தங் கயிறாக
ஏராரும் பொற்பலகை ஏறி இனிதமர்ந்து

பவளத்தில் ஊஞ்சல் கால், முத்தில் கயிறு, பொன்னில் பலகை. பொன்னை விடுங்கள், அது எந்த ஊர்க் கவிஞருக்கும் வரும். முத்தும் பவளமும் கடற்கரைச் சாமான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்து வாழ்ந்த கரை இது. கோயில் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, ஆனாலும் பாட்டில் கடல் வந்துவிடுகிறது. இப்படி, 'இந்தச் சொல் இந்த ஊருக்கு எப்படி வந்தது' என்று கேட்டுப் பழகுங்கள். நோட்டில் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய கேள்வி அதுதான்.

ஒன்பது பாட்டும் பிடிபட்டுவிட்டால், இதே ஊரைச் சொல்லும் நீத்தல் விண்ணப்பத்துக்குப் போகலாம். ஐம்பது பாட்டு, அந்தாதி. ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்தது தொடங்கும். பாட்டுக்குப் பாட்டு "விட்டிடுதி கண்டாய்" என்று கெஞ்சல், என்னை விட்டுவிடுவாயோ என்ற பயம். ஊஞ்சல் பாட்டைப் பாடியவரா இவர் என்று தோன்றும். ஒரே ஆளின் இரண்டு குரலை ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டால் திருவாசகத்தின் மற்ற பகுதிகள் அந்நியமாக இருக்காது.

போகிற போக்கில் ஒன்று: சிவனுக்குத் தாழம்பூ ஆகாது என்பது பொது வழக்கம். இந்தக் கோயிலில் சாத்துகிறார்கள். ஏன் என்று அர்ச்சகரையே கேளுங்கள், தலபுராணக் கதை, அதாவது அந்தக் கோயிலின் பழங்கதை ஒன்று நேரடியாகக் கிடைக்கும்.

இரண்டாம் நாள்: திருப்புல்லாணி, சேதுக்கரை

கீழக்கரைப் பேருந்தில் ஏறினால் வழியில் திருப்புல்லாணி, ராமநாதபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர்தான். ஆதி ஜகந்நாதப் பெருமாள் கோயில். உள்ளே தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் ராமர் இருக்கிறார். பால் பாயசம் கிடைத்தால் விடாதீர்கள்.

திருமங்கை ஆழ்வார் இந்த ஊருக்கு இருபது பாசுரம் பாடியிருக்கிறார். படிக்க ஆரம்பித்தவுடன் புதியவருக்கு ஒரு குழப்பம் வரும். சாமிப் பாட்டு என்று வந்தால், ஒரு பெண் தன்னை விட்டுப்போன காதலனை நினைத்து ஏங்குகிறாள். ஆழ்வார்தான் அந்தப் பெண். காதலன் பெருமாள். சங்க காலத்து நெய்தல் பாட்டின், அதாவது கடற்கரைக் காதல் பாட்டின், அதே இடம், அதே புன்னை, அதே கானல் என்ற கடற்கரைச் சோலை, அதே ஏக்கம். பழைய அகப்பாட்டின் சட்டையைப் பக்திக்குப் போட்டுவிட்டார்கள். இதைப் புரிந்துகொண்டால் ஆழ்வார் பாட்டுகளில் பாதிக் கதவு திறந்த மாதிரி.

"புன்னை முத்தம் பொழில்சூழ்ந்து அழகாய புல்லாணியே" என்று ஓர் அடி முடியும். புன்னை மொட்டைப் பார்க்காதவருக்கு இது வெறும் அலங்காரம். மொட்டு உருண்டையாக, வெள்ளையாக, அச்சு அசல் முத்து மாதிரியே இருக்கும். புன்னை மரம் ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டு இந்த அடியை மறுபடி படியுங்கள்.

அங்கிருந்து நாலு கிலோமீட்டருக்குள் சேதுக்கரை. அமாவாசை அன்று தர்ப்பணம் செய்பவர்கள் நிறைந்திருப்பார்கள். மற்ற நாளில் அமைதி. இங்கேதான் வால்மீகியைத் திறக்க வேண்டும், அதுவும் யுத்த காண்டத்தில் மட்டும், கடலரசனிடம் வழி கேட்கும் பகுதியை. ராமன் மூன்று இரவு தர்ப்பையில் கிடக்கிறான், கடல் பதில் சொல்லவில்லை, கோபம் வருகிறது. அப்புறம் நளன் என்ற வானரன் அணை கட்டுகிறான். வால்மீகி கணக்குப்பிள்ளை மாதிரி நாள்வாரியாகச் சொல்கிறார்: முதல் நாள் 14 யோசனை (யோசனை என்பது பழைய தூர அளவு), அடுத்து 20, 21, 22, கடைசியாக 23. ஐந்து நாளில் 100 யோசனை. வேலை நாளுக்கு நாள் சூடுபிடிப்பதை அந்த எண்களே காட்டுகின்றன. இதே இடத்தைக் கம்பனில் படிக்க வேண்டுமென்றால் வருணனை வழி வேண்டு படலம், அதையடுத்து சேது பந்தனப் படலம்.

யார் சொன்னது என்று கேளுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன்.

பல வருடம் முன்பு, கூட வந்த ஒரு வழிகாட்டி சொன்னதை நம்பி, திருப்புல்லாணியில் நண்பர்களிடம் பெரிய ஆள் போல விளக்கிக்கொண்டிருந்தேன். "அணை கட்டும்போது அணில் மணலில் புரண்டு உதவியதே, வால்மீகி என்ன அழகாக எழுதியிருக்கிறார் பாருங்கள்" என்றேன். தூணோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எந்தக் காண்டம், எத்தனையாவது சர்க்கம் தம்பி?"

எனக்குத் தெரியவில்லை.

"தெரியாது. ஏன்னா அதுல இல்லை. கம்பன்லயும் இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வாரோட திருமாலையில இருக்கு. போய்ப் படிங்க."

போய்ப் படித்தேன். இருபத்தேழாம் பாசுரம். குரங்குகள் மலையைத் தள்ள, அணில்கள் தண்ணீரில் குளித்து, புரண்டு ஓடி, கடலை அடைக்கப் பார்த்தனவாம். "சலமிலா அணிலம்" என்கிறார், கபடம் இல்லாத அணில். அந்த அணிலைப் போலக்கூட நான் இல்லையே என்பதுதான் ஆழ்வாரின் வருத்தம். ராமன் முதுகில் தடவி மூன்று கோடு விழுந்தது அந்தப் பாசுரத்திலும் இல்லை. அது மக்கள் வாயில் வளர்ந்த கதை.

அன்றிலிருந்து என் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். இடப்பக்கம் கதை, வலப்பக்கம் யார் சொன்னது. வால்மீகியா, கம்பனா, ஆழ்வார் நாயன்மாரா, தலபுராணமா, ஊர்வாயா. இதனால் எந்தக் கதையின் மதிப்பும் குறையாது. ஊர்வாய்க் கதையைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன் என்றுகூடச் சொல்வேன். ஆனால் எது எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்திருக்க வேண்டும்.

ராமேஸ்வரத்தின் முக்கியக் கதைக்கே இது பொருந்தும். சீதை மணலால் லிங்கம் பிடித்ததும், அனுமன் கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவரத் தாமதமானதும் வால்மீகியில் விரிவாகக் கிடைக்கும் என்று தேடாதீர்கள். அவை ஸ்காந்த புராணத்தின் சேது மாகாத்மியம் போன்ற தல நூல்களின் சொத்து. தமிழில் நிரம்ப அழகிய தேசிகர் பாடிய சேது புராணம் இருக்கிறது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லை ராமன் நவக்கிரகமாக நட்டு வழிபட்டான் என்பதும் தலக்கதைதான். அந்தக் கல்லைச் சுற்றிவரும்போது அது வால்மீகியில் இல்லை என்பது யாருக்கும் உறுத்துவதில்லை, எனக்கும் இல்லை.

நடுவில் கீழக்கரை

சேதுக்கரைக்குப் போனவர் கீழக்கரையைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். புராணம் என்ற வடிவம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு இந்த ஊரே சாட்சி. நபிகளின் வரலாற்றை உமறுப் புலவர் சீறாப்புராணமாகப் பாடினார். காண்டம், படலம், நாட்டு வருணனை என்று எல்லாம் கம்பன் போட்ட பாதை. அதற்குத் துணை நின்ற வள்ளல் சீதக்காதி கீழக்கரைக்காரர். கம்பனில் நாட்டுப் படலத்தைப் படித்துவிட்டு இதில் நாட்டுப் படலத்தைப் படித்துப் பாருங்கள். அரபு நாட்டில் தமிழ் வயல் விளைந்திருக்கும்.

மூன்றாம் நாள்: ராமேஸ்வரம்

முந்தின நாள் இரவே போய்த் தங்கிவிடுங்கள். விடியற்காலையில் ஸ்படிக லிங்க தரிசனம், அதைத் தவறவிட்டால் மறுநாள்தான். பிறகு அக்னி தீர்த்தம், அதாவது கடல், அதில் குளித்துவிட்டு உள்ளே 22 தீர்த்தம். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியால் மொண்டு ஊற்றுவார்கள். நனைந்த துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத் துணியைக் கையோடு வைத்திருங்கள். நோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என் முதல் நோட்டு ஏழாவது கிணற்றோடு போயிற்று.

அனுமன் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்கு முதல் பூசை, அதன் பிறகுதான் சீதை மணலில் பிடித்த ராமலிங்கத்துக்கு. தாமதமாக வந்தவனின் மனம் நோகக் கூடாது என்று தலக்கதை செய்த ஏற்பாடு, இன்றும் பூசை முறையாக நடக்கிறது. ஒரு கதை எப்படி வழக்கமாக உறைகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் காலையிலேயே பிரகாரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து சம்பந்தர் பாட்டை எடுங்கள். மூன்றாம் திருமுறையில் "அலைவளர் தண்மதி" என்று தொடங்கும் பதிகம், பண் (பழைய தமிழ் இராகம்) காந்தார பஞ்சமம். அதில் "இலைவளர் தாழைகள் விம்மு கானல் இராமேச்சுரம்" என்கிறார். நாம் வாயைப் பிளந்து பார்க்கும் நீண்ட மூன்றாம் பிரகாரம் 18ஆம் நூற்றாண்டில் சேதுபதிகள் காலத்தில் எழுந்தது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. அவர் பார்த்தது தாழைக்காடும் கானலும். தூண்களை எண்ணி முடித்துவிட்டு வருபவர்கள் அதிகம், சம்பந்தர் கண்ட ராமேஸ்வரத்தைப் பார்க்க ஊருக்கு வெளியே தாழை நிற்கிற மணல்மேட்டுக்குத்தான் போக வேண்டும்.

இந்தத் தீவில் நின்றபடிதான் கடலுக்கு அக்கரையில், இலங்கையில் இருக்கும் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் சம்பந்தர் பாடினார் என்று, நாயன்மார் வரலாற்றைப் பெரியபுராணமாகப் பாடிய சேக்கிழார் சொல்கிறார். நோட்டில் இதற்கு நேராக வலப்பக்கம் 'பெரியபுராணம்' என்று எழுதுங்கள்.

கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் பாடும் நேரம் தெரிந்தால் காத்திருந்து கேளுங்கள். பாடி முடித்த பிறகு, "ஐயா, இந்த அடியை எங்கே பிரிக்கணும்?" என்று கேட்டால் எரிச்சல்படுபவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அர்த்தம் கேட்பதைவிட, எங்கே மூச்சு விடுவது என்று கேளுங்கள். அதில் அர்த்தமும் வந்துவிடும்.

கடைசி நாள்: தனுஷ்கோடி

போகும் வழியில் கோதண்டராமர் கோயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் கொண்டுபோனபோது நிலைத்து நின்ற கோயில். விபீஷணன் வந்து சரணடைந்த இடம் என்பார்கள். இங்கே கம்பனில் ஒரே ஒரு பாட்டு போதும். "குகனொடும் ஐவர் ஆனேம்" என்று ராமன் தன் தம்பிகளை எண்ணுகிறான். நால்வராகப் பிறந்தோம், குகனோடு ஐவர், சுக்ரீவனோடு ஆறு, உன்னோடு ஏழு. கங்கைக்கரை ஓடக்காரன், மலைக் குரங்கரசன், பகைவனின் தம்பி. உள்ளே நின்று முணுமுணுத்துப் படித்துவிட்டு வாருங்கள், வெளியே காற்று விடாது.

பிறகு அரிச்சல்முனை. 2017இல் சாலை திறந்ததிலிருந்து பேருந்தே போகிறது. அதற்கு முன்பு மணலில் தள்ளாடும் வண்டியில் போவோம்.

இங்கே படிக்க வேண்டியது பக்தி நூலே இல்லை. சங்கக் காதல் பாட்டுகளின் தொகுப்பான அகநானூறு, 70ஆம் பாட்டு, பாடியவர் மதுரைத் தமிழ்க்கூத்தன் கடுவன் மள்ளனார். கம்பனுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முந்தியது. வளைந்த படகில் போன பரதவருக்கு வேட்டை வாய்க்கிறது. புலவு நாறும் சிறு பாக்கத்தில், வலை தந்ததைப் பாராட்டி, கொழுத்த அயிலை மீனைப் பங்கு போடுகிறார்கள். அந்தத் துறைக்குரிய தலைவனோடு தலைவிக்கு உறவு என்று ஊரே பேசுகிறது. கல்யாணம் உறுதியானதும் அந்தப் பேச்சு அடங்கிவிடுகிறது. எப்படி அடங்கியது? பாண்டியரின் பழைய 'கோடி' என்ற கடற்கரையில், அலை முழங்கும் துறையில், ராமன் மறைவான ஆலோசனையில் இருந்தபோது பறவைகளின் கூச்சல் அவிந்த ஆலமரம் போல. அந்தக் கோடி தனுஷ்கோடிதான் என்பது பலரும் கொள்ளும் பொருள்.

ஆலமரத்தில் பறவையை அடக்கிய இந்தக் கதை வால்மீகியில் இல்லை, கம்பனில் இல்லை. ராமன் கதை இந்தக் கரையில் அப்போதே, மீன் பங்கு போடுகிற பாக்கத்துப் பெண்ணின் காதலுக்கு உவமை சொல்லும் அளவுக்குப் பழகிய கதையாக இருந்திருக்கிறது. இதற்கு நோட்டின் வலப்பக்கத்தில் புதிதாக ஒரு பெயர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆலமரத்தைத் தேட வேண்டாம், நான் பல தடவை போயும் பார்த்ததில்லை. பாட்டெழுதிய தாளை ஓர் அட்டையில் கிளிப் போட்டுக் கொண்டுபோங்கள், வெறும் தாள் அக்கரைக்குப் போய்விடும். கூட வந்தவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் படிக்க வேண்டியிருக்கும். "முழங்கு இரும் பௌவம்" என்ற இடம் வரும்போது உரையைப் பார்க்கத் தோன்றாது. பொழுது சாய்வதற்கு முன்பே திரும்பச் சொல்லிவிடுவார்கள் என்பதால் மூன்று மணிக்குள் அங்கே இருங்கள்.